‘எல்லாம் எடுத்து வச்சிட்டியா?’

வெளியூருக்குக் கிளம்பும் பெண்ணைப் பார்த்து நம் வீடுகளில் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: “எல்லாம் எடுத்து வச்சிட்டியா?” மாமியார் கேட்பார். கணவர் கேட்பார். பெற்ற அம்மாவே கேட்பாள். வாசல் தெளித்துக்கொண்டிருக்கும் எதிர்வீட்டு அக்காவும் கேட்பார். அக்கறையோடு கேட்கப்படும் கேள்விதான். ஆனாலும் அதை அப்படியே விட்டுவிட முடியவில்லை. முதலில் அந்த ‘எல்லாம்’. அது என்னென்ன என்று கேட்பவருக்குத் தெரியாது; தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. அடுத்து அந்த வினைச்சொல்லின் வால். ‘வச்சிட்டியா’ என்றுதான் கேட்கிறார்கள். ‘வச்சிட்டோமா’ என்று கேட்டவரை நான் இதுவரை பார்த்ததில்லை. பயணம் குடும்பத்துக்கு, பொறுப்பு ஒருத்திக்கு.

குழந்தைகளோடு ரயிலில் நெடுந்தூரம் போவதற்கான ஆயத்தத்தைப் பெண்களின் சாமர்த்தியம் என்று சொல்லிச் சொல்லியே பழக்கிவிட்டார்கள். நான் அதை உழைப்பு என்கிறேன். அதுவும், வேறு யாரோ செய்திருக்க வேண்டிய வேலையை நம் தலையில் கட்டியதால் வந்த உழைப்பு. அந்த யாரோவில் பாதி ரயில்வே. மீதிப் பாதி நம் வீட்டிலேயே உட்கார்ந்து, கிளம்ப நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நான் செஞ்சியில் இருக்கிறேன். கணவருக்கு டெல்லியில் வேலை. பையனுக்கு ஏழு வயது, பெண்ணுக்கு ஒன்றரை. கோடை விடுமுறை வந்தால் நாங்கள் மூவரும் அவரிடம் போவோம். செஞ்சிக்கு ரயில் கிடையாது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் புதிய பாதை என்று 2006-07இல் திட்டம் வந்தது. அந்த ஆண்டு பிறந்த பெண்பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள், ரயில் வரவில்லை. ஆகவே எங்கள் ரயில் பயணம் பேருந்தில்தான் தொடங்குகிறது. மதியம் இரண்டு மணிக்குச் செஞ்சியில் ஏறினால் பொழுது சாயச் சென்னை. இரவு பத்து மணிக்கு சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி மூன்றாம் நாள் காலையில் அது டெல்லி சேரும். வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் 41 மணி நேரம். இரண்டு இரவு, ஐந்து வேளைச் சாப்பாடு, சின்னவளுக்குக் கணக்கில்லாத வேளை.

இந்த 41 மணி நேரத்துக்கான வேலை இரண்டு மாதத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். அறுபதாம் நாள் காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும். எட்டு மணி என்பது எந்த வீட்டில் யாருக்கு ஓய்வான நேரம்? ஒரு கையில் டிபன் பாக்ஸ், ஒரு கையில் போன். தவறினால் தட்கல், அது ஸ்லீப்பர் வகுப்புக்கு முந்தைய நாள் பதினொரு மணிக்கு. டிக்கெட் கிடைத்த நாளிலிருந்து மனம் இரண்டு தண்டவாளத்தில் ஓடத் தொடங்கும். வெளியே அன்றாட வேலை. உள்ளே பட்டியல். அளவு சின்னதாகிப்போன சட்டை, தீர்ந்துபோன காய்ச்சல் மருந்து, புளிக்காமல் இரண்டு நாள் தாங்கும் சோறு, தடுப்பூசி போடும் தேதி பயணத்தோடு மோதுகிறதா என்கிற கணக்கு.

அலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 2019இல் ‘அமெரிக்கன் சோஷியலாஜிகல் ரிவ்யூ’ இதழில் இந்த உள்வேலையைப் பற்றி எழுதினார். தேவையை முன்கூட்டியே உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது என நான்கு படிகளாக அதைப் பிரித்தார். தம்பதிகளிடம் பேசிப் பார்த்ததில், முதல் படியும் கடைசிப் படியும் பெரும்பாலும் பெண்களிடமே இருந்தன. முடிவெடுக்கும் படியில் மட்டும் ஆண்கள் சரிசமமாக வந்து நின்றார்கள். அமெரிக்கா வரை போய்த்தான் இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று நம் வீட்டுப் பாட்டிகள் சிரிப்பார்கள். “எந்த ட்ரெயின்ல போகலாம்?” என்று கேட்டால் வீட்டு ஆண் பதில் சொல்வார். “குழந்தைக்கு எத்தனை டயப்பர் வேணும்?” என்று கேட்டால் நம் முகத்தைப் பார்ப்பார்.

எங்கள் ஊர்க் கோட்டையை மொகலாயப் படை 1690இலிருந்து 1698 வரை முற்றுகையிட்டது. கோட்டைக்குள் களஞ்சியம் உண்டு, குளங்கள் உண்டு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் காலக் கோட்டைகள் பதினொன்றோடு சேர்த்து இதையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. வருகிறவர்கள் களஞ்சியத்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்து வியக்கிறார்கள். எத்தனை நாள், எத்தனை வாய், எவ்வளவு தானியம், எவ்வளவு தண்ணீர் என்று முன்கூட்டிக் கணக்குப் போடுவதற்குப் படையில் தளவாட நிர்வாகம் என்று பெயர். அதற்கு அதிகாரி உண்டு, சம்பளம் உண்டு, பதக்கமும் உண்டு. அதே கணக்கை அடுப்படியில் நின்று ஒருத்தி போட்டால் அது ‘பொம்பளைங்க வேலை’. படையில் ஒருவன் கணக்குத் தப்பினால் வரலாற்றில் அது தோல்வி. நாம் ஒரு பால் பாட்டிலை மறந்தால் “இதுகூடத் தெரியாத அம்மா.”

இப்போது என் பையைப் பிரித்துக் காட்டுகிறேன். ஒவ்வொரு பொருளும் யாரோ செய்யாமல் விட்ட வேலைக்கு ரசீது.

வெந்நீர் பிளாஸ்க்: ஸ்லீப்பர் பெட்டியில் பால் கரைக்க வெந்நீர் பிடிக்க ஒரு குழாய் கிடையாது. டீ விற்பவரிடம் கெஞ்ச வேண்டும். பழைய செய்தித்தாள், ரப்பர் விரிப்பு, பிளாஸ்டிக் பை: டயப்பர் மாற்ற ஒரு பலகை இல்லை. ஆடும் ரயிலில் மடியில் கிடத்தித்தான் மாற்ற வேண்டும்; அழுக்கைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, புளிசோறு, பாலில் பிசைந்து உறைகுத்திய தயிர்சோறு: ஒன்றரை வயதுக் குழந்தை காரமில்லாமல் சாப்பிடும் என்பது ரயில் சாப்பாட்டை வகுத்தவர்களுக்குத் தோன்றவில்லை. ஓ.ஆர்.எஸ். பொட்டலம், காய்ச்சல் சிரப், வாந்திக்கு இரண்டு கவர்: நள்ளிரவில் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவில் நானே மருத்துவர். சங்கிலியும் பூட்டும்: நானே காவலர். அப்புறம் ஒரு பழைய சேலை.

அந்தச் சேலையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேச வேண்டும். அது தூளி கட்ட. மேல் படுக்கையின் சங்கிலிகளில் முடிந்து, அடியில் குழந்தையைப் போட்டு, விழாமல் ஒரு கையை அதன்மேல் வைத்துக்கொண்டு இரவைக் கழிப்பது நம் ஊர்ப் பெண்களுக்குப் புதிதல்ல. 2022 மே மாதம், அன்னையர் தினத்தையொட்டி, வடக்கு ரயில்வேயின் லக்னோ கோட்டம் லக்னோ மெயிலின் ஒரு குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு கீழ்ப்படுக்கைகளோடு மடக்கி விரிக்கும் குழந்தைப் படுக்கையைப் பொருத்தியது. நாடு முழுக்கச் செய்தி. படம் எடுத்துப் போட்டார்கள், பாராட்டினார்கள். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1853இல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கிய நாட்டில், குழந்தைக்கும் படுக்கை வேண்டும் என்ற யோசனை 2022இல் ஒரே ஒரு பெட்டியில், அதுவும் சோதனை முயற்சியாக வந்தது. நம் பாட்டிகள் அதை ஒரு கிழிந்த சேலையில் எப்போதோ செய்து முடித்துவிட்டார்கள். அவர்கள் செய்ததற்குப் பெயர் கண்டுபிடிப்பு இல்லை, ‘சமாளிப்பு’. நாம் சமாளித்துக்கொண்டே இருப்பதால்தான் அவர்கள் யோசிக்காமலே இருக்க முடிகிறது.

கட்டணத்துக்கு வருவோம். 2016 ஏப்ரல் 21 வரை, ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு அரை டிக்கெட் எடுத்தால் தனிப் படுக்கையும் கிடைக்கும். அந்த நாளிலிருந்து விதி மாறியது. தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். அரைக் கட்டணம் கொடுத்தால் படுக்கை இல்லை. அப்படியென்றால் அந்தப் பிள்ளை எங்கே படுக்கும்? விதியில் அதற்குப் பதில் இல்லை. பதில் நமக்குத் தெரியும். அம்மாவின் இரண்டடிப் பலகையில், அவள் கால்மாட்டில். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு டிக்கெட் இல்லை. ஆனால் படுக்கை வேண்டுமென்றால் அதற்கும் பெரியவர்களுக்கான முழுக் கட்டணம். ஆக ஒரு பெண், ஒரு நான்கு வயது, ஒரு கைக்குழந்தை, மூன்று உடம்புக்கும் சேர்த்து ரயில்வே இலவசக் கணக்கில் தருவது ஒரே பலகை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 2023இல் வந்த பதிலின்படி, இந்த விதி மாற்றத்தால் ஏழு ஆண்டுகளில் ரயில்வேக்குக் கூடுதலாக வந்த வருமானம் 2,800 கோடி ரூபாய்க்கு மேல். அதில் ஒரு பகுதி, முழுக் கட்டணம் கொடுக்க முடிந்தவர்களின் பணம். கொடுக்க முடியாதவர்கள் பணமாகக் கொடுக்கவில்லை. முதுகாகவும் தூக்கமாகவும் கொடுத்தார்கள். அந்தக் கணக்கு எந்தப் பதிலிலும் வராது.

கீழ்ப்படுக்கை விதியையும் பாருங்கள். ஒரு ஸ்லீப்பர் பெட்டியில் ஆறு ஏழு கீழ்ப்படுக்கைகளை மூத்த குடிமக்களுக்கும், 45 வயதும் அதற்கு மேலுமான பெண்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஒதுக்குகிறார்கள். மூவருக்கும் அது தேவை. அதில் சண்டை இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் கைக்குழந்தையோடு வருபவள் இல்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும்வரை அதற்குக் கீழ்ப்படுக்கை உண்டு. பிறந்து வெளியே வந்ததும் கிடையாது! நடுப்படுக்கையில் நிமிர்ந்து உட்கார முடியாது. குனிந்தபடி பால் கொடுக்க முடியுமா என்று இந்த விதியை எழுதியவர்களை ஒரு தடவை ஏறி உட்கார்ந்து பார்க்கச் சொல்ல வேண்டும். ஒரு பயணத்தில், கைக்குழந்தை இருக்கிறது, கீழ்ப்படுக்கை மாற்றித் தர முடியுமா என்று டிக்கெட் பரிசோதகரிடம் கேட்டேன். அவர் சார்ட்டைப் பார்க்கவில்லை. என் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். “வீட்டுக்காரர் வரலையாம்மா? சின்னப் பிள்ளைங்கள வச்சிக்கிட்டு ஏன் தனியா வர்றீங்க?” என்றார். படுக்கையைப் பற்றிய கேள்விக்கு என் கணவரைப் பற்றிய கேள்விதான் பதிலாக வந்தது.

நம்மை இவர்கள் பார்க்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். பார்க்கிறார்கள், ஒரு கோணத்தில் மட்டும். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 139ஆம் பிரிவு, ஆண் துணையில்லாமல் வரும் பெண்ணையோ குழந்தையையோ டிக்கெட் இல்லையென்று இரவில் இறக்கிவிடக் கூடாது என்கிறது. பகலிலும் கண்ட இடத்தில் இறக்கக் கூடாது. 2020 அக்டோபரில் ரயில்வே பாதுகாப்புப் படை ‘மேரி சஹேலி’ என்ற திட்டத்தை நாடு முழுவதும் கொண்டுவந்தது. தனியாக வரும் பெண்களிடம் பெண் காவலர்கள் வந்து விசாரிப்பார்கள். நெடுந்தூர ரயில்களின் ஸ்லீப்பர் வகுப்பில் பெண்களுக்கென்று ஆறு படுக்கை ஒதுக்கீடும் இருக்கிறது. இவையெல்லாம் வேண்டும். ஒன்றையும் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் இவை எல்லாவற்றிலும் நாம் பாதுகாக்கப்பட வேண்டியவர்கள். வேலை செய்துகொண்டிருப்பவர்கள் என்று ஒரு விதிகூட நினைக்கவில்லை. காவலர் வந்து “பிரச்சினை ஏதாவது இருக்காம்மா?” என்று கேட்கிறார். இருக்கிறது, நான்கு மணி நேரமாகக் கழிப்பறைக்குப் போக முடியவில்லை. இதை எந்தப் படிவத்தில் எழுதுவார்?

கழிப்பறை பற்றி வெட்கப்படாமல் பேசுவோம். புதிய ஸ்லீப்பர் பெட்டியில் 80 படுக்கை, நான்கு கழிப்பறை. அதன் சுத்தம் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். யாரும் பேசாத கேள்வி: இரண்டு குழந்தைகளோடு தனியாக வருபவள் எப்போது போவாள், பிள்ளைகளை யாரிடம் விட்டுப் போவாள்? இருவரையும் கூட்டிக்கொண்டு அந்த ஈரத் தரையில் நிற்கவைக்கலாம். தெரியாத ஒருவரிடம் விட்டுவிட்டு இரண்டு நிமிடத்தில் ஓடி வரலாம். அல்லது, நம்மில் பெரும்பாலோர் செய்வதைப் போல, தண்ணீர் குடிக்காமல் இருக்கலாம். மே மாத நண்பகலில் ரயில் நாக்பூர்ப் பக்கம் அனலுக்குள் போய்க்கொண்டிருக்கும். பிள்ளைகளுக்கென்று ஐந்து லிட்டர் தண்ணீர் சுமந்து வந்தவள், தான் இரண்டு மிடறோடு நிறுத்திக்கொள்வாள். அவள் பால் கொடுப்பவளாக இருந்தாலும் அப்படித்தான். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு நீர்க்கடுப்பு, காய்ச்சல். மாதவிடாயும் அதே தேதியில் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நாப்கினைப் போட ஒரு மூடிய குப்பைத்தொட்டி உள்ளே இருக்காது. நம் ‘எல்லாம்’ பட்டியலில் நம் உடம்பு எப்போதும் கடைசி வரி. பல சமயம் அந்த வரியே இருக்காது.

இந்த நேரங்களில் நம்மைக் காப்பாற்றுவது எந்தத் திட்டமும் இல்லை. எதிர்ப் படுக்கையில் இருக்கும் இன்னொரு பெண். தமிழ் தெரியாத, தெலுங்கு மட்டும் பேசும் ஒரு அம்மா கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டு, போய் வா என்று தலையை ஆட்டுவார். அந்தக் கைக்கு நான் கடன்பட்டவள். ஆனால் அதை வைத்து “பெண்களுக்குள்ள எவ்வளவு ஒற்றுமை பாருங்க” என்று யாராவது உருகினால் எனக்குக் கோபம் வரும். அந்த அம்மாவும் கூலியில்லாமல் ரயில்வேயின் வேலையைத்தான் செய்தார்.

இதற்கு வழக்கமாக வரும் பதில்கள் மூன்று.

“எங்க காலத்துல ஆறு பிள்ளைகளோட போனோம், இப்படியா பேசினோம்?” போனார்கள், உண்மை. அந்தப் பயணங்களில் அவர்கள் தூங்கினார்களா என்று அவர்களையே தனியாகக் கேட்டுப்பாருங்கள். என் அத்தை, என் கணவரின் அம்மா, ஒரு நாள் சொன்னார்: “ஊருக்குப் போறதுன்னா எனக்குப் பயம்மா. ஊரு பிடிக்காம இல்ல. கட்டி எடுத்துட்டுப் போறத நெனச்சாலே அடி வயிறு கலங்கும்.” நாற்பது வருடம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சகித்துக்கொண்டதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வது பழைய வழக்கம்.

“ஏசியில போக வேண்டியதுதானே?” பணம் இருந்தால் குளிர்ந்த காற்று கிடைக்கும், போர்வை கிடைக்கும். பட்டியல் அப்படியே இருக்கும். அதை எழுதுகிறவளும் அவளே. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஸ்லீப்பரில் முன்பதிவு செய்து போகும் நான் ஏற்கெனவே கொடுத்துவைத்தவள். எங்கள் மாவட்டத்திலிருந்து செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டவும் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். அவர்களில் இருளர் குடும்பங்கள் நிறைய. சட்டி பானை, அரிசி, கைக்குழந்தை எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மாதக்கணக்கில் போகும் அந்தப் பெண்களிடம் யாரும் ‘எல்லாம் எடுத்து வச்சிட்டியா’ என்றுகூடக் கேட்பதில்லை. என் பையின் கனத்தைப் பற்றி நான் பேசுவது, அவர்களுடைய மூட்டையின் கனம் எனக்குத் தெரியும் என்பதால் அல்ல. முன்பதிவு செய்தவளுக்கே இந்த நாடு இவ்வளவுதான் தருகிறது என்றால், பொதுப்பெட்டியின் வாசலில் பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன தரும் என்று யோசிக்கத்தான்.

மூன்றாவது பதில்: “இப்பல்லாம் ஆம்பளைங்க உதவி பண்றாங்களே.” பண்ணுகிறார்கள். என் கணவர் நல்லவர். சூட்கேஸைத் தூக்குவார். ஆட்டோ பிடிப்பார். “என்ன பண்ணணும்னு சொல்லு, பண்றேன்” என்பார். அந்த ‘சொல்லு’தான் வேலை. அதைச் சொல்வதற்கு நான் முதலில் யோசித்திருக்க வேண்டும், நினைவு வைத்திருக்க வேண்டும், பிறகு நடந்ததா என்று பார்க்க வேண்டும். தூக்குவது பத்து நிமிடம். யோசிப்பது இரண்டு மாதம். ஒரு முறை அவர் பையனை மட்டும் கூட்டிக்கொண்டு டெல்லி போனார். அந்தப் பயணத்துக்கும் பையைக் கட்டியது நான். எந்தக் கவரில் என்ன இருக்கிறது என்று சீட்டு ஒட்டி அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததும், பெட்டியில் இருந்த பெண்கள் எல்லோரும் “எவ்வளவு பொறுப்பான அப்பா!” என்று பாராட்டியதாக மகிழ்ச்சியோடு சொன்னார். ஒவ்வொரு கோடையிலும் இரண்டு பேரோடு போகும் என்னை எந்தப் பெட்டியிலும் யாரும் பொறுப்பானவள் என்று சொன்னதில்லை. நம்மிடம் அது சுவாசம் போல இருக்க வேண்டியது. அரசு எடுத்த 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்குச் சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். பேருந்தில் உட்கார்ந்தபடி, பாடம் நடத்தியபடி, தூக்கம் வராமல் படுத்தபடி பட்டியல் போடும் நேரம் அந்த 289இல் எங்கே ஏறியிருக்கும்? கையில் கரண்டி இருந்தால்தானே அது வேலை!

தாய்மையைப் புகழ்வதில் மட்டும் நமக்குக் குறைவே இல்லை. நாங்கள் போகும் பாதையில் இரண்டாம் இரவு ஜான்சி வரும். அந்த நிலையத்துக்கு 2021 டிசம்பரில் வீராங்கனை லட்சுமிபாயின் பெயரை வைத்தார்கள். முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு குதிரையில் வாளோடு இருக்கும் அவர் உருவம் நமக்குப் பள்ளிப் புத்தகத்திலிருந்தே மனப்பாடம். அந்தப் படத்தைக் காட்டித்தான் பெண்ணால் முடியாதது இல்லை என்று சொல்லித் தருகிறார்கள். முடியும். ஆனால் அந்தக் குழந்தையைக் கொஞ்ச நேரம் வாங்கிக்கொள்ள ஒருவரும் இல்லையா என்று யாரும் கேட்கச் சொல்லித் தருவதில்லை. பிள்ளையை முதுகில் கட்டிய பெண்ணுக்குச் சிலை வைக்கத் தெரிந்த நாட்டுக்கு, அந்தப் பிள்ளையை இறக்கிப் படுக்கவைக்க ஒரு பலகை பொருத்தத் தெரியவில்லை.

என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோடு வருபவருக்குக் கீழ்ப்படுக்கை விதிப்படி கிடைக்க வேண்டும். பரிசோதகரின் இரக்கத்தால் அல்ல. அரைக் கட்டணக் குழந்தைக்குப் பழையபடி படுக்கை வேண்டும். ஒவ்வொரு ஸ்லீப்பர் பெட்டியிலும் டயப்பர் மாற்ற ஒரு பலகை, வெந்நீருக்கு ஒரு குழாய், கழிப்பறைக்குள் மூடிய குப்பைத்தொட்டி வேண்டும். குழந்தைப் படுக்கை ஒரு ரயிலின் ஒரு பெட்டியில் காட்சிப் பொருளாக இருந்தால் போதாது. குளிர்சாதனம் இல்லாத பெட்டிகளில் முதலில் வர வேண்டும். முடியாது என்று சொல்லாதீர்கள். 2015இல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமில்லாமல் போகிறோம். அரசு ஒரு விதியை மாற்றினால் லட்சக்கணக்கான பெண்களின் அன்றாடம் மாறும் என்பதை நாம் கண்ணால் பார்த்தவர்கள்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருப்போம். இந்த உரிமைகளை ‘தாய்க்கு’ என்று கேட்கக் கூடாது. ‘குழந்தையோடு வருபவருக்கு’ என்று கேட்க வேண்டும். தாய்க்கு மட்டும் என்று எழுதி வாங்கினால், குழந்தையைக் கூட்டிப்போவது தாயின் வேலை என்பதையும் சேர்த்தே எழுதிக் கொடுத்ததாகிவிடும். அப்பா கூட்டி வரட்டும், தாத்தா கூட்டி வரட்டும், மாமன் கூட்டி வரட்டும். அவர்களுக்கும் கீழ்ப்படுக்கை கிடைக்கட்டும். அவர்களும் அந்தப் பலகையில் டயப்பர் மாற்றட்டும்.

வீட்டுக்குள் நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பதை நிறுத்தலாம். “இந்த மருந்த வாங்கிட்டு வாங்க” என்றால் பட்டியல் நம்மிடமே இருக்கும். “மருந்து உங்க பொறுப்பு” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது கடினம். என்னென்ன மருந்து, எத்தனை நாளைக்கு, தேதி முடிந்துவிட்டதா என்பதெல்லாம் அவர் யோசிக்கட்டும். ஒரு பயணத்தில் சிரப் இல்லாமல் போகலாம். வழியில் வாங்கிக்கொள்ளலாம், வாங்கத் தெரிந்துகொள்வார். போன கோடையிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பாடு என்னுடையது, மருந்தும் டிக்கெட்டும் அவருடையது. காலை எட்டு மணிக்கு டெல்லியில் அவர் அலாரம் வைத்து எழுந்து உட்கார்கிறார். முதல் தடவை வெயிட்டிங் லிஸ்ட்தான் கிடைத்தது. வானம் இடிந்து விழவில்லை. பையன் தன் பையைத் தானே கட்டுகிறான். மூன்று கார், ஒரு சட்டை என்று எடுத்து வைத்தான். இரண்டாவது சட்டை ஏன் வேண்டும் என்று அவனுக்கு விளக்கினேன். நான் எடுத்து வைக்கவில்லை.

இதைப் படிக்கும் மாணவிகளுக்குத் தனியாக ஒன்று. உங்களில் பலர் இன்னும் யாருக்கும் பை கட்டத் தொடங்கியிருக்க மாட்டீர்கள். விடுதிக்குக் கிளம்பும்போது உங்கள் பையைக் கட்டுவது உங்கள் அம்மாவாக இருக்கலாம். பக்கத்து அறையில் உங்கள் அண்ணனோ தம்பியோ போனைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவனையும் எழுப்புங்கள். நாளைக்கு வேறு ஒருத்தி அவனுக்குச் சீட்டு ஒட்டிக் கொடுக்கும்படி ஆகிவிடக் கூடாது. அடுத்த முறை யாராவது உங்களிடம் ‘எல்லாம் எடுத்து வச்சிட்டியா’ என்று கேட்டால், கோபப்படாமல், சிரிக்காமல், ‘எல்லாம்னா என்னென்ன?’ என்று திருப்பிக் கேளுங்கள். சொல்லத் தெரிந்தவர் வந்து கூட உட்கார்ந்து எடுத்து வைக்கட்டும். சொல்லத் தெரியாதவர் முதலில் அதைக் கற்றுக்கொள்ளட்டும். கேள்வி கேட்கும் உரிமை அதற்குப் பிறகு.